மிஸ் மறைக்கிறாங்க

காலை எட்டு ஐம்பதுக்குப் பள்ளி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டாம் வகுப்பு 'டி' பிரிவு டீச்சர், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி இருபத்தொரு நாள் ஆகியிருந்தது.

அந்த ரகசியம் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். 'சி' பிரிவு டீச்சர். குரல் மூன்று சுவர் தாண்டிக் கேட்கும் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சங்கு.

"வந்துட்டியா? நல்லா மூச்ச இழுத்துக்கோ. இன்னிக்கு ஆய்வாளர் வர்றார்."

டீச்சர் புருவத்தை உயர்த்தினார்.

"எந்த கிளாஸுன்னு கேக்குறியா? வேற எது? உன்னோடதுதான். நாலாவது பீரியட். நாப்பது நிமிஷமும் கடைசி பெஞ்சுல உக்காந்து பாப்பாராம். பெரிய மேடமும் கூடவே வருவாங்க."

டீச்சர் கைப்பையைத் தோளில் மேலே தள்ளிவிட்டு நடந்தார். பயம் வரவில்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"லீவு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரு. வயித்து வலின்னு நான் சொல்லிக்கிறேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அப்ப உன் தலையெழுத்து" என்றார் சங்கு, தன் வழக்கமான குரலில். கேட்டில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார்.

பத்தொன்பது வருடக் கதை அது. ஒரு நாளைக்கு ஏழு பீரியட், ஒவ்வொரு பீரியடிலும் ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேரின் குரலுக்கு மேலே ஏறி நிற்க வேண்டிய ஒரு குரல். ஒரு நாள் காலையில் அது வரவில்லை. மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது மாதிரி வெறும் காற்று மட்டும் வந்தது. தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் திரையில் படம் காட்டினார்.

"இந்த ரெண்டு முண்டு தெரியுதா? காய்ப்பு. கடப்பாரை புடிக்கிறவருக்குக் கையில வரும். உங்களுக்குத் தொண்டையில வந்திருக்கு. ஏழு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசலாமேன்னு நினைக்காதீங்க, அது கத்துறத விட மோசம். நடுவுல சரியாயிட்ட மாதிரி தோணும். நம்பிடாதீங்க. மீறினா கத்தி வைக்கணும். கத்தி வச்சப்புறம் குரல் திரும்பி வருமான்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

அவர் எழுதிக் கொடுத்தது ஒரு சீட்டு. ஏழு வாரம் மருத்துவ விடுப்பு. அந்தச் சீட்டு மூன்று வாரமாக டீச்சரின் கைப்பையில், பஸ் பாஸுக்குப் பின்னால் மடிந்து கிடந்தது.

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன ஆகும் என்பது டீச்சருக்கு மனப்பாடம். அந்தப் பள்ளியில் ஒரு டீச்சர் பத்து நாளுக்கு மேல் விடுப்பில் போனால் மாற்று ஆள் கிடையாது. வகுப்பையே மூன்றாக உடைத்து ஏ, பி, சி பிரிவுகளில் போட்டுவிடுவார்கள். 'டி' பிரிவு ஏற்கனவே நடு வருடத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகளை அள்ளிப் போட்ட பிரிவு. போன வருடம் இவர்களுடைய ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது இதே மாதிரி உடைத்தார்கள். பிள்ளைகள் மற்ற வகுப்புகளின் பின்வரிசையில் தரையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கேள்வி கேட்கவில்லை. வருடம் முடிந்து இவரிடம் வந்தபோது பதினொரு பிள்ளைகளுக்குத் தன் பெயரை எழுதுவது மறந்து போயிருந்தது.

இப்போது எழுதுகிறார்கள். பெயரை மட்டுமல்ல, முழு வாக்கியமாக எழுதுகிறார்கள். பரீட்சைக்கு இன்னும் இருபத்தெட்டு நாள். டாக்டர் சொன்ன கெடு முடியவும் அதே இருபத்தெட்டு நாள். இடையில் யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும். டீச்சர் கேட்டது அவ்வளவுதான்.

இன்று காலை அதைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு. பேச்சு என்றால் கணவர் பேசினார். பூட்டு ரிப்பேர் தொழில் அவருக்கு.

"ஊர்ல உள்ள பூட்டையெல்லாம் திறக்கிறேன். வீட்டுல இருக்கிற ஒண்ணத் திறக்க முடியல."

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பதும் தொண்டைக்கு ஆகாது.

"இங்க பாரு. சீட்டக் குடுத்துரு. குரல் போன டீச்சருங்கள ஸ்டோர் ரூம்லதான போடுவாங்க? ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல ஃபேன். சாக்பீஸ் எத்தன பெட்டி வந்துச்சுன்னு எழுதினா போச்சு. மிஸ் மிஸ்னு யாரும் கையப் புடிச்சு இழுக்க மாட்டாங்க. உனக்கே ஆசையா இல்ல?"

ஆசையாகத்தான் இருந்தது. அந்த நாற்காலியை டீச்சர் சில சமயம் கனவில்கூடப் பார்த்திருக்கிறார். ஆனால் சமையலறை மேடையில் கிடந்த சிலேட்டை எடுத்து, 'இன்னும் 28 நாள்' என்று எழுதிக் காட்டினார். கணவர் சிலேட்டைப் பிடுங்கி, தனக்கு வாய் இருப்பதையே மறந்துபோய், அதன் கீழே 'பிடிவாதாம்' என்று எழுதினார். டீச்சர் அதில் கூடுதலாக இருந்த துணைக்காலை அழித்துவிட்டுக் கிளம்பினார்.

வகுப்பில் இந்த மூன்று வாரமும் எப்படி ஓடியது என்று கேட்டால் டீச்சருக்கே சொல்லத் தெரியாது. வருகைப் பதிவுக்குப் பிள்ளைகளே வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். கணக்குக்கு விரல் இருந்தது. அதட்டலுக்கு மேசையில் தட்ட ஸ்கேல் இருந்தது. பெரிய மேடத்தைப் பற்றிக் கவலையே இல்லை. தலைமை ஆசிரியையான அவர் எதிரில் யாருக்கும் பேச வாய்ப்பு கிடைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

பாடத்தில் அடுத்து நின்றது வினைச்சொல். குரல் இல்லாத முதல் நாள் டீச்சர் எந்தத் திட்டமும் இல்லாமல் உள்ளே போனார். கரும்பலகைக்கு முன்னால் நின்றார். நின்று நின்று, கடைசியில் ஒரு முறை குதித்தார்.

"மிஸ் குதிக்கிறாங்க!" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கத்தியது.

டீச்சர் சாக்பீஸை அந்தக் கையில் கொடுத்தார். சொன்னவரே வந்து பலகையில் எழுத வேண்டும். அன்றைக்கு உருவானதுதான் அந்த விளையாட்டு. பலகையின் இடது ஓரம் நேற்று, நடு இன்று, ஜன்னல் பக்கம் நாளை. மிஸ் இடது ஓரம் நின்று குதித்தால் 'குதித்தார்'. ஜன்னல் பக்கம் நின்று குதித்தால் 'குதிப்பார்'. மிஸ் எதைச் செய்தாலும் சொல்ல வேண்டும். முந்திச் சொன்னவருக்கே சாக்பீஸ்.

நாலாவது நாளே பிள்ளைகள் பிசாசு மாதிரி ஆகிவிட்டார்கள். மிஸ் மூக்கைச் சொறிந்தால் சொன்னார்கள். மணி பார்த்தால் சொன்னார்கள். இந்தத் திங்கட்கிழமை டீச்சர் ஒரு சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி கூரையைப் பார்த்தார். எல்லோரும் விழித்தார்கள். எதையும் கூர்ந்து பார்ப்பதால் ஊசி என்று பெயர் வாங்கிய சிறுமி மட்டும் எழுந்தாள்.

"மறைக்கிறாங்க."

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டீச்சர் கையால் கேட்டார்.

"கை தெரியல மிஸ். ஆனா உங்க மூக்கு நிமிருது."

அன்று டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் யோசிக்கவில்லை.

நான்காவது பீரியட் மணி அடித்தது.

ஆய்வாளர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் படிவம் செருகிய அட்டை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். காலையிலிருந்து இது அவருக்கு மூன்றாவது பள்ளி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. செருப்பிலிருந்து வலது பாதத்தை மெல்ல உருவிக்கொண்டார். பக்கத்தில் பெரிய மேடம், உட்காராமல், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே பேசிக்கொண்டு.

"எங்க பள்ளியில செயல்வழிக் கல்விக்கு எப்பவுமே முக்கியத்துவம் சார். போன வருஷம்கூட பாத்தீங்கன்னா..."

"ஆரம்பிக்கலாம் மேடம்" என்றார் ஆய்வாளர்.

டீச்சர் வணக்கம் வைத்தார்.

"வணங்குறாங்க!" முப்பத்து நான்கு பேர்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்து மடித்தார், கிழித்தார், உருட்டினார், எறிந்தார். ஒவ்வொன்றுக்கும் குரல் வெடித்தது. ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் இருக்க முடியாத, அதனால் சக்கரம் என்று பெயர் பெற்ற பயல் ஓடிப்போய் உருண்டையைப் பிடித்தான்.

"சக்கரம் புடிக்கிறான்!"

"ஓடினான், அப்புறம் புடிச்சான்!" என்று திருத்தினாள் ஒருத்தி. இவள் எதையும் அப்படியே விடமாட்டாள். இவள் பெயர் கேள்வி. டீச்சர் சாக்பீஸை நீட்டினார். கேள்வி இடது ஓரத்தில் 'ஓடினான்', 'பிடித்தான்' என்று எழுதினாள்.

டீச்சர் ஜன்னல் பக்கம் போய்த் தரையில் தலைவைத்துப் படுப்பதுபோல் காட்டினார்.

"தூங்குவாங்க!"

தூங்குவேன் என்று டீச்சரும் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். நாலே கால் மணிக்கு பஸ், ஐந்துக்கு வீடு, ஐந்தரைக்குத் தூக்கம். இன்னும் இருபத்தாறு நிமிடத்தைத் தள்ளிவிட்டால் போதும். தரை குளுமையாக இருந்தது. எழுந்திருக்க ஒரு கணம் கூடுதலாகவே பிடித்தது.

இருபது நிமிடம் பாடம் வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. ஆய்வாளரின் பேனா மட்டும் படிவத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு டீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டை ஓதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. ஆய்வாளர் கொட்டாவி விட்டார்.

வேண்டுமென்றே விடவில்லை. மூன்று பள்ளி ஏறி இறங்கிய மனிதர், கையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது வந்துவிட்டது. ஊசி திரும்பிப் பார்த்தாள்.

"சார் கொட்டாவி விடுறாரு!"

வகுப்பே திரும்பியது. "கொட்டாவி விடுறாரு!"

பெரிய மேடத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. "ஏய்! வாய மூடுங்க! பெரியவங்கள..."

"மேடம் திட்டுறாங்க!"

ஆய்வாளர் இருமுவதுபோல் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, படிவத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை ஓரிடத்தில் நின்றது.

"டீச்சர், பாடம் நல்லா போவுது. ஆனா ஏழாவது கட்டம் பாக்கி இருக்கு. 'ஆசிரியரின் குரல், உச்சரிப்பு.' இருபது நிமிஷமா நீங்க ஒரு வார்த்தை பேசல. புத்தகத்துல ஏதாவது ஒரு பத்தி வாசிங்களேன். ரெண்டு வரி போதும்."

சுவருக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சட்டென்று நின்றது.

டீச்சர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். இரண்டு வரிதானே என்று தொண்டை சொன்னது. சரியாகிவிட்ட மாதிரித்தான் இருந்தது. நம்பிடாதீங்க என்று டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. இரண்டு வரி வாசித்தால் குரல் போகலாம். வாசிக்காவிட்டால் வகுப்பு போகும். இரண்டில் எதற்கும் தோதாக எந்தச் சைகையும் டீச்சரின் கைவசம் இல்லை.

இருமினார். கையை வாயில் வைத்து, தொண்டை கட்டியிருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"இருமுறாங்க!" என்றான் சக்கரம், சாக்பீஸுக்குக் கை நீட்டிக்கொண்டு.

"தண்ணி குடிச்சிட்டு வாசிங்க டீச்சர்" என்றார் பெரிய மேடம். "சாருக்கு நேரமாவுது."

டீச்சர் பாட்டிலைத் திறந்தார்.

"குடிக்கிறாங்க!"

மூடினார்.

"மூடுறாங்க!"

புத்தகத்தை மறுபடி எடுத்தார். கண் எழுத்தில் நிற்கவில்லை. சும்மா கூரையைப் பார்த்தார்.

அப்போது ஊசி எழுந்து நின்றாள். அவள் கத்தவில்லை. விடை தெரிந்துவிட்ட பிள்ளையின் அமைதி அவள் குரலில் இருந்தது.

"மிஸ் மறைக்கிறாங்க."

ஆய்வாளரின் பேனா நின்றது.

"என்னது?" என்றார் பெரிய மேடம்.

"மறைக்கிறாங்க மேடம். மூக்கு நிமிருது பாருங்க."

முப்பத்து மூன்று தலைகள் டீச்சரின் மூக்கைப் பார்த்தன. அப்புறம் வகுப்பு முழுக்க ஒரே குரலில், தங்கள் மிஸ்ஸுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு, கூரை அதிரக் கத்தியது. "மிஸ் மறைக்கிறாங்க!"

டீச்சர் நல்ல ஆசிரியர் என்பதற்கு அன்று அதைவிடப் பெரிய சான்று கிடையாது. அதுவே அவரைக் காட்டிக் கொடுத்தது.

"எத மறைக்கிறாங்க?" ஆய்வாளர் கேட்டார். அவர் கேட்டது டீச்சரை. ஆனால் பதில் ஊசியிடமிருந்து வந்தது.

"அது தெரியாது சார். ஆனா மறைக்கிறாங்க."

டீச்சர் புத்தகத்தையும் சாக்பீஸையும் கீழே வைத்தார். மூன்று வாரமாகத் தூக்கிச் சுமந்தது சாக்பீஸ் இல்லை, இந்த ரகசியம் என்று கைக்குத் தெரிந்தது. மேசைக்குப் போனார். கைப்பையைத் திறந்தார். பஸ் பாஸுக்குப் பின்னாலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். கடைசி பெஞ்ச் வரை நடந்து, ஆய்வாளரிடம் கொடுத்தார்.

"குடுக்குறாங்க" என்றாள் கேள்வி, கொஞ்சம் சந்தேகத்தோடு.

"சார் படிக்கிறாரு."

"மேடம் எட்டிப் பாக்குறாங்க."

"சார் திருப்பிப் படிக்கிறாரு."

"சார்..." சக்கரம் தடுமாறினான். ஆய்வாளர் சீட்டைக் கையில் வைத்தபடி ஒன்றும் செய்யாமல் இருந்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு என்ன சொல்வது?

"யோசிக்கிறாரு" என்றாள் ஊசி.

டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்றார். முகத்தைப் பார்த்தால் அதையும் சொல்லிவிடுவார்கள்.

முதலில் வாயைத் திறந்தது பெரிய மேடம்தான். "மூணு வாரமாவா? என் பள்ளியிலயா? எனக்குத் தெரியாமலா?" மூன்று கேள்விக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டார். "டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவருக்கே உறைத்தது. அவசரமாக ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "சார், நாளையிலேர்ந்து இவங்க விடுப்பு. பசங்கள ஏ, பி, சி மூணுக்கும் பிரிச்சிரலாம். மதியமே பட்டியல் போட்டுர்றேன்."

பிரிப்பது என்றால் என்ன என்று 'டி' பிரிவுக்கு யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. பெஞ்சுகளில் சத்தம் அடங்கியது. சக்கரம் முதல் முறையாக அவனாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"மேடம்" என்றாள் கேள்வி. "அங்க போனா எங்களுக்கு பெஞ்சு இருக்குமா?"

பெரிய மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆய்வாளர் தன் வலது பாதத்தைச் செருப்புக்குள் நுழைத்தார். முகம் சுளித்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இன்னிக்குக் காலையில ரெண்டு பள்ளிக்கூடம் பாத்தேன். நாப்பது நிமிஷத்துல பிள்ளைங்க எத்தன தடவ வாயத் திறந்தாங்கன்னு ஓரத்துல கோடு போடுறது என் பழக்கம். முதல் பள்ளியில ஆறு. ரெண்டாவதுல பதினொண்ணு. அதுலயும் நாலு, வெளிய போகணும்னு கேட்டது." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரம் பூராவும் கோடு. "இங்க எனக்கு இடம் பத்தல."

"அது சரி சார், ஆனா விதின்னு ஒண்ணு..."

"விதியத்தான் நானும் சொல்ல வர்றேன். ஏழாவது கட்டம் காலியா இருக்கு. இவங்க குரலக் கேக்காம நான் நிரப்ப முடியாது. இவங்க பேசக்கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். அப்ப இருபத்தெட்டு நாள் கழிச்சு நான் மறுபடி வரணும். இதே டீச்சர், இதே பிள்ளைங்க, இதே அறை. நடுவுல நீங்க கிளாஸப் பிரிச்சீங்கன்னா என் படிவம் பாதியில நின்னு போவும். பாதிப் படிவத்த எங்க ஆபீஸ்ல கையிலயே தொடமாட்டாங்க. அதுக்கு விளக்கம் எழுதச் சொல்லுவாங்க. உங்களத்தான்."

பெரிய மேடம் வாயை மூடித் திறந்தார். "ஆள் இல்லையே சார். யாரு எடுக்கிறது?"

"நீங்க இருக்கீங்களே."

"நானா? நான் கிளாஸ் எடுத்துப் பதினொரு வருஷம் ஆச்சு. எனக்கு முட்டி வலி வேற."

"வலிக்கிறதக் காட்டுங்க. கண்டுபிடிச்சிருவாங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சங்கின் சிரிப்பு ஒலித்து, உடனே யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றது.

ஆய்வாளர் சீட்டை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரிய மேடத்தின் கையில் கொடுத்தார். பிறகு டீச்சரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு விடுப்பு, இப்பலேர்ந்தே. ஆனா ஒண்ணு, நல்லாக் கேட்டுக்கோங்க. இருபத்தெட்டாம் நாள் நான் வந்து நிக்கும்போது ரெண்டு வரி கேக்கணும். அன்னிக்கும் வரலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்டோர் ரூம்தான். பிள்ளைங்களுக்கும் அவங்க சொன்ன பட்டியல்தான்."

டீச்சர் தலையசைத்தார். நன்றி சொல்லக் கையைத் தூக்கினார், பாதியில் கை கீழே வந்துவிட்டது. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தார். அப்படியே தரையில், சக்கரத்தின் காலடியில், உட்கார்ந்தார்.

"மிஸ் உக்காருறாங்க" என்றான் சக்கரம், மிக மெதுவாக. யாரும் சாக்பீஸ் கேட்கவில்லை.

மதியம் பன்னிரண்டு இருபது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீச்சர் தாழ்வாரத்தில் நடந்தார். சங்கு அவருடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வருவதாகக் கிளம்பி, தன் வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பாதியில் திரும்பினார். "போய்த் தூங்கு. மத்தத நான் பாத்துக்கிறேன். போன் பண்ணாத!" என்று கத்தினார். போன் பண்ணி என்ன செய்ய என்று அப்புறம்தான் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

'டி' பிரிவின் ஜன்னலருகே டீச்சரின் கால் தானாக நின்றது. போகவேண்டும். பன்னிரண்டரை பஸ்ஸில் கூட்டம் இருக்காது, உட்கார இடம் கிடைக்கும். ஆனாலும் நின்றது.

உள்ளே பெரிய மேடம் பேசிக்கொண்டிருந்தார். ஒழுங்கைப் பற்றி, நேரத்தைப் பற்றி, அந்தக் காலத்தில் அவரிடம் படித்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதைப் பற்றி. முப்பத்து நான்கு பேரும் கல்லு மாதிரி உட்கார்ந்து அவருடைய கை கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்" என்று எழுந்தாள் கேள்வி. "நீங்க எப்ப செய்வீங்க?"

"என்ன செய்யணும்?"

"ஏதாவது."

பெரிய மேடம் சுற்றும் முற்றும் பார்த்தார். கதவைப் பார்த்தார். முந்நூறு பிள்ளைகளையும் பன்னிரண்டு டீச்சர்களையும் நடுங்க வைத்த அந்த அம்மாள், கரும்பலகையின் நடுவில் வந்து நின்று, ஒரு காலைத் தூக்கினார். முட்டி மடங்கவில்லை. பலகையைப் பிடித்தார். ஒரு தரம் எம்பினார்.

"நொண்டுறாங்க!"

"நொண்டல, தடுமாறுறாங்க!"

"வலிக்குது! அவங்களுக்கு வலிக்குது!"

பெரிய மேடம் மூச்சு வாங்கிக்கொண்டே சாக்பீஸை நீட்டினார்.

டீச்சருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பு தொண்டைக்கு ஏறாமல் அழுத்திப் பிடித்தபடி ஜன்னலுக்குக் கீழே குனிந்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஊசி நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசியின் வாய் திறந்தது.

டீச்சர் அசையாமல் நின்றார். இப்போது அவள் கத்தினால் வகுப்பு முழுக்க ஜன்னலுக்கு ஓடிவரும்.

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. ஊசி பலகைப் பக்கம் திரும்பினாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி கூரையைப் பார்த்தாள். மூக்கு மட்டும் லேசாக நிமிர்ந்தது.

டீச்சர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். பன்னிரண்டரை பஸ் வந்தது. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது.